மூளையதிர்ச்சியும் படிப்படியான மீட்சியும்



கால் முறிந்தவனின் துன்பத்தை ஊர் முழுவதும் அறியும். காலிற் கட்டிய வெண்ணிறக் கட்டும் கையிற் பிடித்த ஊன்றுகோலும் அவனுக்காகப் பேசும். அவனை ஓடச் சொல்வாரும் இலர். ஓடவில்லையென்று கடிந்துகொள்வாரும் இலர். ஆனால், தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்த ஒருவனுக்கு இத்தகைய சாட்சி எதுவும் இல்லை. உண்கின்றான், நடக்கின்றான், கேட்டதற்கு மறுமொழி சொல்கின்றான். ஆயினும் புத்தகத்தைத் திறந்தால் எழுத்துக்கள் அசைகின்றன. வகுப்பறைச் சந்தடி தலையைப் பிளக்கின்றது. படியில் இறங்கும்போது நிலம் நழுவுகின்றது. இத்தகையவன் சோம்பேறி என்றும் பாசாங்குக்காரன் என்றும் பெயர் வாங்குவது மிக எளிது. கண்ணுக்குத் தோன்றாத இக்காயத்திலிருந்து ஒருவர் எவ்வாறு படிப்படியாக மீளலாம், அம்மீட்சிக்கு வீட்டாரும் பாடசாலையும் எவ்வாறு துணை நிற்கலாம் என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

மூளையதிர்ச்சி என்பது யாது? மண்டையோட்டினுள், நீர்மம் ஒன்று சூழ, மென்மையான மூளை அமைந்திருக்கின்றது. தலையிலோ முகத்திலோ கழுத்திலோ பலமான அடி விழும்போது மூளை குலுங்குகின்றது. உடம்பின் வேறொரு பாகத்தில் ஏற்பட்ட மோதலின் வேகம் தலைவரை சென்றாலும் இதுவே நிகழும். இக்குலுக்கலால் நரம்புக் கலங்களின் உள்ளும் புறமும் இருக்கவேண்டிய உப்புக்கள் இடம் மாறுகின்றன. பொற்றாசியம் வெளியேற, கல்சியம் உட்புகுகின்றது. அவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதற்குக் கலங்கள் பெருமளவு சக்தியைச் செலவிட வேண்டியிருக்கின்றது. அதே வேளையில் அச்சக்தியைக் கொண்டுவரும் குருதியோட்டமோ குறைந்துவிடுகின்றது. வரவு சுருங்கிச் செலவு பெருகிய குடும்பத்தின் நிலையே அப்பொழுது மூளையின் நிலை. தலைவலி, தலைச்சுற்று, குமட்டல், வெளிச்சத்தையும் ஓசையையும் பொறுக்கமாட்டாமை, மறதி, மந்தம், எரிச்சல், உறக்கக் கேடு ஆகியன இந்தப் பற்றாக்குறையோடு தொடர்புடைய அறிகுறிகளே.

இது பெரும்பாலும் மூளையின் தொழிலில் நேர்ந்த கோளாறேயன்றி, அதன் அமைப்பில் நேர்ந்த உடைவு அன்று. ஆதலால் வைத்தியசாலையில் எடுக்கும் சாதாரணப் படங்களில் எதுவும் தெரியாதிருத்தல் இயல்பு. அப்படங்கள் குருதிக்கசிவும் எலும்பு முறிவும் இல்லை என்பதை உறுதிப்படுத்தவே உதவுகின்றன. படம் நன்றாக இருக்கின்றது என்பதனால் நோயாளிக்கு ஒன்றுமில்லை என்று முடிவு கட்டிவிடலாகாது. இன்னொரு தவறான எண்ணமும் மக்களிடையே உண்டு. நினைவு தப்பினாற்றான் மூளை அதிர்ந்தது என்று பலர் கருதுகின்றனர். உண்மையில், விளையாட்டுக்களில் மூளையதிர்ச்சி அடைவோருட் பெரும்பாலோர் ஒரு கணமேனும் நினைவிழப்பதில்லை.

அறிகுறிகள் உடனே தோன்றவேண்டும் என்ற நியதியும் இல்லை. துடுப்பாட்ட இரசிகர்கள் அனைவரும் அறிந்த நிகழ்ச்சியொன்று இதற்குத் தக்க சான்றாகும். 2019ஆம் ஆண்டு ஓகஸ்ட் 17ஆம் திகதி இலண்டன் லோர்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்தும் அவுஸ்திரேலியாவும் மோதின. ஜொஃப்ரா ஆர்ச்சர் மணிக்கு ஏறத்தாழ 148 கிலோமீற்றர் வேகத்தில் எறிந்த பந்து ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தைத் தாக்கியது. அவர் நிலத்தில் வீழ்ந்தார். வெளியே அழைத்துச் செல்லப்பட்டு, அன்று நடத்திய சோதனைகளில் தேறி, முக்கால் மணி நேரமளவில் மீண்டும் வந்து துடுப்பெடுத்தாடினார். ஆனால் மறுநாட் காலையில் தலைவலியும் மந்தமும் தோன்றின. உடனே அவர் போட்டியினின்றும் விலக்கப்பட்டார். அம்மாதம் முதல் நாள் தொட்டுச் சர்வதேசத் துடுப்பாட்டப் பேரவை நடைமுறைப்படுத்திய புதிய விதியின்படி, மார்னஸ் லபுஷேன் அவருக்குப் பதிலாக இறங்கினார். டெஸ்ட் போட்டி வரலாற்றில் மூளையதிர்ச்சிக்காக இறக்கப்பட்ட முதலாவது மாற்று வீரர் அவரே. நமது காலி மைதானமும் இவ்விதியின் பயனைக் கண்டது. 2021ஆம் ஆண்டு நவம்பரில், தம் முதலாவது டெஸ்ட் போட்டியில் ஆடிய மேற்கிந்திய வீரர் ஜெரமி சொலோசானோ துடுப்பாட்டக்காரருக்கு அண்மையில் நின்றபோது தலைக்கவசத்திற் பந்து பட்டு வீழ்ந்தார். அவருக்குப் பதிலாக ஷாய் ஹோப் ஆடினார்.

உலகப் புகழ் பெற்ற வீரருக்கே, வைத்தியர் அருகில் நின்றிருந்தும், அறிகுறி மறுநாள்தான் வெளிப்பட்டது. அவ்வாறாயின் மாகாணப் போட்டியில் ஆடும் மாணவனுக்கும், மோட்டார் சைக்கிளிலிருந்து வீழ்ந்த இளைஞனுக்கும், மரத்திலிருந்து வழுக்கி வீழ்ந்த தொழிலாளிக்கும் எவ்வளவு விழிப்பு வேண்டும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஆகவே முதலாவது விதி இது: மூளை அதிர்ந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால், அன்றைய தினம் மீண்டும் ஆடலாகாது. ஐயம் ஒன்றே போதும், நிரூபணம் வேண்டியதில்லை.

இவ்விதியை மீறியதன் விலையை அமெரிக்கா கண்ணீரோடு கற்றுக்கொண்டது. 2006இல் வாஷிங்டன் மாநிலத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் விளையாட்டில் தலையில் அடிபட்டுச் சிறிது நேரம் ஓய்ந்திருந்தான். பின்னர் அதே போட்டியில் மீண்டும் ஆடினான். போட்டி முடிந்ததும் மூளையில் குருதி கசிந்து வீழ்ந்தான். உயிர் தப்பினான், ஆயினும் பேசவும் நடக்கவும் புதிதாகப் பழகவேண்டியவனானான். அவன் பெயரால் 2009இல் அம்மாநிலம் சட்டம் இயற்றியது. மூளையதிர்ச்சி ஐயம் எழுந்த இளம் வீரரை உடனே வெளியேற்றவேண்டும். தகுதி பெற்ற மருத்துவரின் எழுத்துமூல அனுமதியின்றி மீண்டும் ஆடவிடலாகாது என்பது அதன் சாரம். 2014ஆம் ஆண்டளவில் அந்நாட்டின் 50 மாநிலங்களும் இத்தகைய சட்டங்களை ஏற்றுக்கொண்டன.

சில அறிகுறிகள் தோன்றின் ஒரு கணமும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். வரவர மிகும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கைகால் தளர்ச்சி அல்லது மரத்துப்போதல், நாக் குழறல், எழுப்ப இயலாத உறக்கம், பொருள் இரண்டாகத் தோன்றுதல், காதிலோ மூக்கிலோ நீர் அல்லது குருதி வடிதல், கழுத்தில் கடும் நோவு ஆகியன அவை. முதியோருக்கும், குருதி உறைதலைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோருக்கும் சிறிய அடியே பெருங் கேட்டை விளைவிக்கக்கூடும். வைத்தியரைக் கேளாது அஸ்பிரின் போன்ற மாத்திரைகளை விழுங்குதல் குருதிக்கசிவுக்கு வழிகோலலாம். இவ்வாபத்துக்கள் இல்லையென வைத்தியர் உறுதி கூறிய பின்னரே மீட்சியைப் பற்றிய பேச்சுத் தொடங்கும்.

நேயர்களே, இனி மீட்சியின் கதைக்கு வருவோம். நெடுங்காலமாக மருத்துவ உலகம் கூறிவந்த அறிவுரை ஒன்றே: ஓய்வு. இருண்ட அறையிற் படுத்திரு, வாசியாதே, நண்பரோடு பேசாதே, அறிகுறிகள் யாவும் மறையும்வரை அசையாதே என்றனர். கேட்பதற்கு இது நியாயமாகவே தோன்றும். ஆனால் அண்மைக்கால ஆராய்ச்சி இக்கருத்தை அசைத்துவிட்டது. அமெரிக்காவின் மில்வோக்கி நகரில் 11 முதல் 22 வயது வரையிலான இளையோரை இரு பிரிவாக்கி ஓர் ஆய்வு செய்தனர். அது 2015இல் வெளியாயிற்று. ஒரு பிரிவினருக்கு 5 நாள் முழு ஓய்வு. மற்றப் பிரிவினருக்கு ஓரிரு நாள் ஓய்வும் அதன்பின் படிப்படியான நடமாட்டமும். கடும் ஓய்வு எடுத்தோர் விரைவில் தேறவில்லை. மாறாக, அவர்களே மிகுதியான அறிகுறிகளைத் தெரிவித்தனர். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற முதுமொழி ஓய்வுக்கும் பொருந்தும் போலும்! படுத்த படுக்கையில் உடல் தளர்கின்றது. பகலுறக்கம் இரவுறக்கத்தைக் கெடுக்கின்றது. தோழர் தொடர்பு அறுகின்றது. தன் நோயையே எண்ணியெண்ணி உள்ளம் சோர்கின்றது.

2022ஆம் ஆண்டு ஒக்ரோபரில் பன்னாட்டு வல்லுநர்கள் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் கூடி ஆராய்ந்தனர். அவர்களின் முடிவு 2023இல் வெளிவந்தது. முதல் 24 தொடக்கம் 48 மணி நேரம் வரை அளவான ஓய்வு போதும் என்பது அம்முடிவு. அளவான ஓய்வு என்றால் படுக்கையன்று. வீட்டினுள் உலாவலாம்; முற்றத்திற் சிறிது நடக்கலாம்; தானே குளித்து உடுத்தலாம். ஆனால் கைப்பேசியையும் தொலைக்காட்சியையும் அந்த இரண்டு நாளும் குறைத்துக்கொள்வது நன்று. 12 முதல் 25 வயது வரையிலான 125 பேரைக் கொண்டு நடத்தி 2021இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், முதல் 48 மணி நேரமும் திரைகளைத் தவிர்த்தோர் இடைநிலையாக மூன்றரை நாளில் அறிகுறி நீங்கினர். தவிர்க்காதோருக்கோ 8 நாட்கள் சென்றன.

இரண்டு நாள் கழிந்தபின் செய்யவேண்டியது என்ன? மெல்லிய உடற்பயிற்சியே மருந்தாகும் என்பதைக் காட்டியவர்களுள் நியூயோர்க் மாநிலத்தின் பஃபலோ பல்கலைக்கழகத்து ஜோன் லெடியும் அவருடைய கூட்டத்தாரும் முக்கியமானவர்கள். நகரும் பட்டையையுடைய நடைப்பொறியில் நோயாளியை நடக்கவிட்டு, நிமிடத்துக்கு நிமிடம் அதன் சரிவைச் சிறிது சிறிதாக உயர்த்துவர். தலைவலியோ தலைச்சுற்றோ தெளிவாக மிகும் கணத்தில் நிறுத்தி, அப்போதைய இதயத் துடிப்பைக் குறித்துக்கொள்வர். அத்துடிப்பில் ஏறத்தாழ 80 சதவீதமே பயிற்சியின் எல்லை. நிமிடத்துக்கு 150 துடிப்பில் அறிகுறி மிகுமாயின், 120 துடிப்புக்கு மேற்படாமல் நாள்தோறும் 20 நிமிடம் பயிற்சி செய்யலாம். 103 இளையோரைக் கொண்டு இம்முறையைச் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டனர். இவ்வாறு பயின்றோர் இடைநிலையாக 13 நாட்களிலும், தசைகளை நீட்டும் பயிற்சி மாத்திரம் செய்தோர் 17 நாட்களிலும் குணமடைந்தனர். நான்கு நாள் வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். பரீட்சையை எதிர்நோக்கும் மாணவனுக்கு அது சிறிதன்று.

நடைப்பொறி இல்லாத ஊரில் என் செய்வது? வைத்தியரோ இயன்மருத்துவரோ அனுமதித்த பின், சமதரையில் நடத்தலே போதுமான தொடக்கம். மணிக்கட்டில் விரல் வைத்துப் பதினைந்து விநாடி துடிப்பை எண்ணி நான்காற் பெருக்கினால், நிமிடத்துக்குரிய துடிப்புக் கிடைத்துவிடும். வெயில் ஏறுமுன் காலையில், ஒருவர் துணையோடு, தடையின்றிப் பேசக்கூடிய வேகத்தில் நடக்கலாம். அறிகுறி சிறிது மிகுந்தால் அஞ்சவேண்டியதில்லை. அதற்கும் ஓர் அளவுகோலை வல்லுநர்கள் வகுத்துள்ளனர். துன்பம் எதுவும் இல்லாத நிலையைப் பூச்சியம் என்றும், தாங்கமுடியாத நிலையைப் பத்து என்றும் வைத்துக்கொள்வோம். நடக்குமுன் இருந்த அளவினின்றும் இரண்டு புள்ளிக்கு மேற்படாமலும், ஒரு மணி நேரத்துள் அடங்குவதாயும் இருந்தால், அது பொறுக்கத்தக்க மிகுதி. அதற்கு மேற்படின் அன்றைக்கு நிறுத்தி, மறுநாள் சற்றுக் குறைவாகத் தொடங்கவேண்டும்.

சிலருக்குத் தலைவலி தணிந்த பின்னரும் தலைச்சுற்றும் கழுத்து நோவும் நீடிப்பதுண்டு. உடலின் சமநிலையைக் காக்கும் உறுப்பு உட்காதில் உள்ளது. அதுவும் கண்ணும் கழுத்தும் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பி ஒத்துழைத்தாற்றான் உலகம் அசையாமல் நிற்கும். அடியின் வேகம் அவ்வொத்துழைப்பைக் குலைத்துவிடுகின்றது. இதற்கான பயிற்சி புதிதன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தை ஒட்டி, 1940களில், இங்கிலாந்தின் கோதோர்னும் குக்சியும் கண், தலை, உடல் என்ற வரிசையில் அசைவுகளைப் பயிற்றும் முறையை வகுத்தனர். முதலிற் கண்களை மட்டும் மெதுவாக அசைத்தல், பின்னர்க் கையில் உள்ள ஒரு பொருளில் பார்வையை நிறுத்தித் தலையைத் திருப்புதல், அதன்பின் இருந்தெழுதல், ஈற்றில் நடந்துகொண்டே தலையைத் திருப்புதல். தலை சுற்றுகின்றதென்று அசைவைத் தவிர்ப்போரிலும் பார்க்க, அளவாக அசைந்து பழகுவோருக்கே மூளை புதிய ஒழுங்கைக் கற்றுக்கொடுக்கின்றது. கனடாவின் கல்கரி நகரில் நடந்து 2014இல் வெளியான சிறிய ஆய்வொன்று இதற்குச் சான்று. கழுத்துக்கும் சமநிலைக்கும் வாராந்தம் சிகிச்சை பெற்ற 15 பேரில் 11 பேர் எட்டு வாரத்துள் விளையாட்டுக்கு அனுமதி பெற்றனர். அது பெறாத 14 பேரில் ஒருவரே அவ்வனுமதியைப் பெற்றார். எனினும் இப்பயிற்சிகள் ஆளுக்கு ஆள் வேறுபடும். கற்றறிந்தவர் மேற்பார்வையிலேயே தொடங்கவேண்டும்.

மாணவரைப் பொறுத்தவரை விளையாட்டு மைதானத்துக்கு முன்னர் வகுப்பறையே மீளவேண்டிய இடம். அதற்கு நான்கு படிகளை ஆம்ஸ்டர்டாம் அறிக்கை காட்டுகின்றது. முதலாவது, வீட்டில் அன்றாட அலுவல்களைச் செய்தல். வாசிப்பைச் சில நிமிடங்களில் தொடங்கி மெல்லக் கூட்டுதல். இரண்டாவது, வீட்டுப்பாடம் போன்ற கல்வி வேலையை வீட்டிலேயே செய்தல். மூன்றாவது, பாடசாலைக்குப் பகுதி நேரம் செல்லுதல். நான்காவது, முழு நேரக் கல்வி. இம்மாணவனுக்கு ஆசிரியர் செய்யக்கூடிய உதவிகள் செலவற்றவை. ஓசை குறைந்த இடத்தில் அமர்த்தலாம். வெயில் கண்ணிற் படாத பக்கத்தைக் கொடுக்கலாம். நீண்ட எழுத்து வேலையைப் பாதியாக்கலாம். பாடங்களுக்கிடையில் சிறிது கண்மூடி இருக்க விடலாம். தவணைப் பரீட்சையைப் பிற்போடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அவன் சொல்வதை நம்பலாம். நம்பப்படாத நோயாளி தன் நோயை மறைக்கப் பழகுவான். மறைத்த நோயோ மைதானத்தில் பழி வாங்கும்.

விளையாட்டுக்கு மீள்வதற்கு ஆறு படிகள் உண்டு. முதற்படி அன்றாட நடமாட்டம். இரண்டாம் படி நடை, நிலைத்த சைக்கிள் ஓட்டம் போன்ற பயிற்சி. முதலில் உச்ச இதயத் துடிப்பின் 55 சதவீதம்வரை, பின்னர் 70 சதவீதம்வரை. 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பின் அண்ணளவான தொகை கிடைக்கும். 15 வயதுப் பிள்ளைக்கு அது 205. ஆகவே முதலெல்லை ஏறத்தாழ 113, அடுத்த எல்லை ஏறத்தாழ 144. மூன்றாம் படி, தலையில் அடிபடும் அபாயமற்ற தனிப்பயிற்சி. ஓடுதல், திசை மாற்றுதல் போன்றன. நான்காம் படி, பிறரோடு மோதாத கூட்டுப் பயிற்சி. ஐந்தாம் படி, முழுமையான பயிற்சி. ஆறாம் படி, போட்டி. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே குறைந்தது 24 மணி நேரம் கழியவேண்டும். நான்காம் படிக்கு ஏறுமுன் அறிகுறிகள் முற்றாக நீங்கியிருக்கவேண்டும். ஐந்தாம் படிக்கு முன் வைத்தியரின் அனுமதி வேண்டும். இடையில் அறிகுறி மீண்டால் ஒரு படி இறங்குவது தோல்வியன்று. வழி தவறாமைக்கு அதுவே அடையாளம்.

ஸ்மித் லோர்ட்ஸுக்கு அடுத்த டெஸ்ட் போட்டியில் ஆடவில்லை. தொடரின் வெற்றி தோல்வி ஊசலாடிய வேளையிலும் அவுஸ்திரேலியா தன் தலைசிறந்த துடுப்பாட்ட வீரரை வெளியே இருத்தியது. செப்டெம்பர் 4ஆம் திகதி மான்செஸ்டர் நகரில் தொடங்கிய போட்டிக்கு மீண்ட அவர், முதல் இன்னிங்சிலேயே 211 ஓட்டங்களைக் குவித்தார். காத்திருந்த இரு வாரங்கள் வீணாகவில்லை. ஆயினும் எல்லாரும் ஒரே காலத்தில் மீள்வர் என எண்ணலாகாது. விளையாட்டு வீரர்கள் முழுமையாக மீளச் சராசரியாக ஏறத்தாழ 20 நாட்கள் செல்கின்றன. நான்கு வாரத்துக்கு மேலும் அறிகுறி நீடித்தால் கழுத்து, சமநிலை, பார்வை, உறக்கம், மனநிலை ஆகிய எல்லாவற்றையும் மீண்டும் வைத்தியர் ஆராயவேண்டும். முன்னர் மூளையதிர்ச்சி அடைந்தோருக்கும், ஒற்றைத் தலைவலியோ மனச்சோர்வோ உடையோருக்கும் மீட்சி தாமதிக்கலாம்.

விளையாடாத முதியோருக்கும் தொழிலாளருக்கும் இதே நெறி பொருந்தும். முதலில் வீட்டு வேலை, பின்னர் அரைநாள் அலுவலகம், அதன்பின் முழுநாள். ஏணியில் ஏறுதல், இயந்திரத்தை இயக்குதல், மோட்டார் சைக்கிள் ஓட்டுதல் ஆகியன வைத்தியரின் அனுமதி பெற்ற பின்னரே. மதுவை அறவே நீக்கவேண்டும். நாளுக்கு ஒரே நேரத்தில் உறங்கி ஒரே நேரத்தில் எழுதல் பெருந் துணையாகும். கூலிக்கு உழைப்பவர் ஒரு வாரம் வேலையை விடுவது கடினமே. ஆயினும் தலை சுற்றியபடி உயரத்தில் ஏறி மறுமுறை வீழ்வாராயின், குடும்பம் இழப்பது ஒரு வாரக் கூலி மாத்திரமன்று.

நேயர்களே, மூளையதிர்ச்சிக்குப் பின் இரண்டு வழிகள் தவறானவை. ஒன்று, ஒன்றுமில்லையென்று மறுநாளே ஓடச் செய்வது. மற்றது, எல்லாம் முடிந்துவிட்டதென்று மாதக் கணக்கில் இருட்டறையில் அடைத்துவைப்பது. இரண்டுக்கும் நடுவே அளவறிந்து ஏறும் படிகள் உள்ளன. அடிபட்ட பிள்ளை அப்படிகளில் ஏறும்போது, அருகில் நிற்கும் தாயும் தந்தையும் ஆசிரியரும் பயிற்றுநரும் ஒவ்வொரு நாளும் ஒரு கேள்வியைக் கேட்டால் போதும்: “இன்று எப்படி இருக்கின்றது?” கேட்டுவிட்டு, வரும் மறுமொழியைப் பொறுமையோடு செவிமடுக்கவேண்டும்.